பற்றீரியாக்கள் உயிரோடு வயலுக்கு வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்கசினால் (பூஞ்சையினால்) நெல்லுக்கு வரும் எரிபந்த நோய் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, பங்கசுநாசினிகளை விரிவாகப் பேசிவிட்டு நன்மை செய்யும் பற்றீரியாக்களைக் கொண்டு நோயை அடக்கும் உயிரியல் முறையை ஒரே வரியில் கடந்து சென்றிருந்தது. வன்னியில் நெல்லும் கச்சானும் செய்கின்றவன் என்ற வகையில் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ், பசிலஸ் சப்ரிலிஸ் ஆகிய மண்வாழ் பற்றீரியாக்கள் வேரைச் சுற்றிக் குடியேறி, நோய்ப்பங்கசுக்கு இடமில்லாமற் செய்கின்றன. சூடோமோனாஸ் மண்ணிலுள்ள இரும்பைத் தான் கவர்ந்துகொண்டு பங்கசைப் பட்டினி போடுவதோடு, அதனை அழிக்கும் பொருள்களையும் சுரக்கிறது. அதற்கும் மேலாக, பயிரின் சொந்த எதிர்ப்புத்தன்மையைத் தூண்டுவதால், வேரில் இருந்துகொண்டே இலையில் வரும் நோயையும் குறைக்கிறது. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் கலக்கும் விதைநேர்த்தியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது.

முல்லைத்தீவின் மணற்பாங்கான நிலங்களில் கச்சான் செய்வோருக்கு இது மிகவும் வேண்டியது. தண்டடியை அழுகச்செய்யும் ஸ்கிளிரோசியம் பங்கசு, கடுகளவு உருண்டைகளாக மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். செடி வாடிய பின் இலைக்கு விசிறும் மருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. விதையோடு மண்ணுக்குள் போகும் காவல்தான் அங்கு பொருந்தும். நோய் முற்றிய காணிக்கு அது மட்டும் போதுமென்று சொல்லமாட்டேன்; பயிரை மாற்றிச் செய்யவும் வேண்டும்.

2021 இல் இயற்கை விவசாயத்தின் பெயரில் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி முன்னாயத்தமின்றித் தடைசெய்யப்பட்டதால், உயிரியல் முறை என்றாலே இன்று எங்களூரில் பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த நம்பிக்கையை மீட்கவேண்டுமானால் தரமான பொருள் கையில் கிடைக்கவேண்டும். பசிலஸ், வித்திகள் எனும் உறங்குநிலைக் கலங்களை உருவாக்கி வெப்பத்தைத் தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்த ஆற்றல் இல்லை. கிளிநொச்சி வெயிலில் தகரக்கூரைக் கடையொன்றில் மாதக்கணக்கில் கிடந்த பொதியில் உயிர் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். செப்பு கலந்த மருந்தோடு சேர்த்தால் எஞ்சிய உயிரும் அழிந்துபோகும் என்பதையும் வாங்குவோருக்கு யாராவது சொல்லவேண்டும்.

ஆகையால், பற்றீரியாவின் பெயர், உற்பத்தித் திகதி, உயிர்க்கலங்களின் எண்ணிக்கை ஆகியவை தமிழில் அச்சிடப்பட்ட பொதிகளைக் காலபோக விதைப்புக்கு முன்னரே குளிரூட்டியில் வைத்துக் கமநல சேவை நிலையங்கள் ஊடாக வழங்க விவசாயத் திணைக்களம் முன்வரவேண்டும். அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கையில், அவற்றைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பை அதனிடமே ஒப்படைக்கலாம்.

இங்ஙனம்,
விவசாயி ஒருவர்,
ஒட்டுசுட்டான்.