கடலில் இறங்கும் கால்களையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத பாதப் புண்ணுக்கு வைட்டமின் ஊசி பலன் தருமா என்று சோதிக்கும் ஆய்வுகளைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வருடம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் நான். இப்படி ஓர் ஆய்வு எங்கள் கரைக்கும் வர வேண்டும். ஆனால் எங்கள் ஜனங்கள் பிழைக்கும் விதம் தெரிந்து வர வேண்டும்.

வைட்டமின் என்றதும் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், வைட்டமின் சி இல்லாத உணவையே மாதக்கணக்கில் சாப்பிட்டு, தன் முதுகிலேயே கீறவைத்துப் பார்த்தார். 1940-ல் அந்த ஆய்வு வெளியானது. மூன்றாம் மாதம் கீறிய காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதக் காயம் தோலுக்கு அடியில் ஒட்டவே இல்லை. வைட்டமின் சி-யை நரம்பில் ஏற்றிய பிறகுதான் ஒட்டியது. ஆனால் அது சத்து அறவே வற்றிப்போன உடம்பு. சத்துக் குறையாத சர்க்கரை நோயாளிக்கும் ஊசியால் புண் சீக்கிரம் ஆறுமா? அதைத்தான் சோதிக்க வேண்டும்.

பதில் வருவதற்குள் ‘சத்து ஊசி’க்குக் காசைக் கொடுத்துவிட்டு, கட்டுத்துணி வாங்கக் கையில் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வைட்டமின்தானே, என்ன கெடுதல் என்பார்கள். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். சி-யை அதிக அளவில் நரம்பில் ஏற்றினால், விரலில் குத்திப் பார்க்கும் சில சர்க்கரைக் கருவிகள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டு பி12 குறைந்தவருக்கு, ரத்தம் பார்த்து மருத்துவர் போடும் ஊசி வேறு கதை.

இனி எங்கள் ஊர் விஷயம். மரிக்கொழுந்துப் பாசி என்ற கடல்பாசியை எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குவார்கள். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தைக் கடலடிப் பாறையான பார்க்கல் கிழித்தால் உறைக்காது. கரையேறி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இன்று போட்ட கட்டு நாளை உப்புத் தண்ணீரில் ஊறி, புண்ணின் ஓரம் வெளுத்து நைந்து வரும். “நாளைக்கு இறங்காதீங்கக்கா” என்றால், “அப்ப அடுப்பு எரிய வேணாமா?” என்பார்கள். போதாததற்குப் பத்தியம் வேறு. மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று, கடற்கரையில் இருந்துகொண்டே புரதத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு பாதிப் பேருக்கு வைட்டமின், மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியக் கூடாது. கட்டு, சர்க்கரைக் கட்டுப்பாடு, பாதத்தில் பாரம் இறங்காத செருப்பு எல்லாம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சரி, இரு பக்கமும் தினம் கால் நனைந்தால்? ஊசிக்குப் பலன் இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் ஆய்வுச் செலவில் கூலி இழப்பையும் சேருங்கள். விசைப்படகில் போகிறவர்களை ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது சேர்க்கலாம். 61 நாள் கால் காய்ந்திருக்கும். புண் ஆறுவதைப் பார்க்க 12 வாரமாவது வேண்டுமே, மிச்ச நாளுக்குக் கூலி கொடுங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கு முழு நாளுக்கும் கொடுங்கள்.

2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்கே இந்த ஆய்வை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்து, அப்புறம் கைநாட்டு வாங்குங்கள். கட்டு மாற்ற அவர்களை பஸ் ஏற்றி அலையவிடாமல் ஊருக்கே செவிலியரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.