வங்கிப் பங்கு சரிந்தால் பத்திர வட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் முடிவோ கூட்டணி உடைவோ சந்தையை உலுக்கும்போதெல்லாம் 'முதலீட்டாளர்கள் பீதி, வங்கிப் பங்குகள் சரிவு' என்ற அளவோடு வணிகப் பக்கச் செய்தி முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் விற்பதா, வைத்திருப்பதா, இன்னும் வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டிய சில்லறை முதலீட்டாளருக்கு அதனால் பயனில்லை. அடி விழுந்தது பங்கின் விலையில் மட்டுமா, வங்கியின் மூலதனத்திலுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தபோது நிஃப்டி சுமார் 6 சதவீதமும் வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி சுமார் 8 சதவீதமும் வீழ்ந்தன. ஸ்டேட் வங்கிப் பங்கு இறங்கியது சுமார் 14 சதவீதம். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை நம்பி முந்தின நாள் ஏற்றிவிடப்பட்ட பொதுத்துறைப் பங்குகளே இறக்கத்திலும் முன்னால் போயின. ஆனால் அன்று 10 ஆண்டு அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி ஏறியது ஏறக்குறைய 0.1 சதவீதப் புள்ளிதான். கடன் தவணைகள் நிற்கவில்லை, டெபாசிட்டுகள் வெளியேறவில்லை. ஜூன் 7 அன்று சென்செக்ஸ், ஜூன் 3 அன்று முடிந்த அளவைத் தாண்டிவிட்டது. பயத்தில் விற்றவரின் நஷ்டம் மட்டும் நிரந்தரமாயிற்று.

இத்தாலியில் 2018 மே 29 அன்று நடந்தது வேறு. ஆட்சி அமைப்பதில் இழுபறி நீடிக்க, 2 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி ஒரே நாளில் 1 சதவீதத்துக்குக் கீழிருந்து 2.5 சதவீதத்துக்கு மேல் பாய்ந்தது. அந்நாட்டு வங்கிகள் தம் அரசின் பத்திரங்களையே பெருமளவில் வைத்திருந்தன. சந்தையில் வட்டி ஏறினால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். அந்த இறக்கம் நேராக மூலதனத்தைக் கடிக்கும்.

கணக்கு எளிது. ஒரு வங்கியின் மொத்தச் சொத்து 100 என்போம். அதில் 20 அரசுப் பத்திரம், சொந்த மூலதனம் 8. வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறினால், நடுத்தரக் காலப் பத்திரங்களின் விலை சுமாராக 5 சதவீதம் குறையும். 20இல் 5 சதவீதம் 1. அதாவது மூலதனத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது, ஒரு கடன்கூட வாராக்கடனாகாமலே. மற்ற துறைகளைவிட வங்கிப் பங்கு ஆழமாக விழக் காரணம் இதுதான்: சொத்தில் சிறு கீறலும் மெல்லிய மூலதனத்தில் பெரும் பள்ளமாகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதிர்வு வரை வைத்திருப்பதாகக் காட்டப்படும் பத்திரங்களின் நஷ்டம் லாப நட்டக் கணக்கில் வராது. டெபாசிட்தாரர்கள் பணம் கேட்டு, அவற்றை விற்க நேரும்போதுதான் வெளிவரும். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இந்தப் பிரிவின் சந்தை மதிப்பு இருக்கும். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டும்.

'குறியீடு மீண்டுவிட்டது, வங்கியும் மீளும்' என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2016 ஜூன் 24 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் வாக்கெடுப்பின் முடிவு வந்ததும், பிரிட்டன் வங்கியான லாயிட்ஸின் பங்கு ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. இன்னொரு வங்கியான பார்க்லேஸ் அன்றும் அடுத்த வர்த்தக நாளிலுமாக இரண்டு முறை பெரிதாக விழுந்தது. லண்டன் சந்தையின் முன்னணிக் குறியீடான எஃப்டிஎஸ்இ 100 ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்தது, ஏனென்றால் அதிலுள்ள பல நிறுவனங்கள் வெளிநாட்டில் சம்பாதிப்பவை. பவுண்டு சரிந்தது அவற்றுக்கு லாபம். உள்நாட்டுக் கடனை நம்பிய வங்கிகளுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. முதல் நாள் சரிவிலேயே முழுப் பணத்தையும் போட்டு 'ஆவரேஜ்' செய்வது, அதாவது மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது, ஏன் தவறு என்பதற்கு அந்த இரண்டாம் நாளே போதும்.

சிலர் ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். 100இல் இருக்கும் பங்குக்கு 92இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்து, சந்தை 84இல் திறந்தால், கிடைக்கும் விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டராக அது 84ஐ ஒட்டித்தான் விற்கும். குறித்த விலைக்குக் கீழே விற்காத லிமிட் ஆர்டராக வைத்திருந்தால் விற்காமலே நின்றுவிடும். தேர்தல் முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே கையிலுள்ள பங்குகளின் அளவைக் குறைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. பங்குகளை அடகு வைத்து, அதையே மார்ஜினாக (முன்பிணையாக) காட்டி ப்யூச்சர்ஸ் (பின்தேதி ஒப்பந்தம்) வாங்கியவர் நிலை இன்னும் மோசம். விலை இறங்கினால் அடகின் மதிப்பும் குறையும், கேட்கும் மார்ஜினும் கூடும். பணம் கட்டாவிட்டால் புரோக்கரே அன்றைய அடிமட்ட விலையில் விற்றுவிடுவார். சந்தையே திறக்காவிட்டால் விற்கவும் வழியில்லை: கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸில் 2015 ஜூன் 29 முதல் ஆகஸ்ட் 3 வரை பங்குச் சந்தையே மூடிக் கிடந்தது. திறந்த அன்று முன்னணி வங்கிப் பங்குகள் ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட 30 சதவீத எல்லை வரை விழுந்தன. ஆண்டு இறுதியில் புதுப் பங்குகள் வெளியிட்டு மூலதனம் திரட்டப்பட்டபோது பழைய பங்குதாரர்களின் பங்கு கிட்டத்தட்டக் கரைந்தே போனது.

நிஃப்டி பங்குகளை அதே விகிதத்தில் வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டோடு தனியாக வங்கிப் பங்கும் வைத்திருப்பவர் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்; நிஃப்டி 50இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைதான்.

மெதுவாக வரும் பாதிப்பு முதல் நாள் விலையில் தெரியாது. கடன் தள்ளுபடி வாக்குறுதி வந்தாலே தவணை கட்டுவது தள்ளிப்போகும். 90 நாள் கடந்தால்தான் அது வாராக்கடன் என்று ஏறும் என்பதால், தேர்தல் முடிந்து ஒன்றிரண்டு காலாண்டு கழித்தே முடிவுகளில் தென்படும். திடீர் வரியும் உண்டு: 2023 ஆகஸ்டில் இத்தாலி, வங்கிகளின் கூடுதல் லாபத்துக்கு 40 சதவீத வரி என்று அறிவித்ததும் பங்குகள் சரிந்தன, வரிக்கு உச்சவரம்பு உண்டு என்ற விளக்கம் வந்த பிறகே தேறின.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வணிகப் பக்கத்தில் சென்செக்ஸ், நிஃப்டி, தங்கம் விலைக்கு அருகில் 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டியையும், முந்தைய நாளிலிருந்து அது எவ்வளவு மாறியது என்பதையும் தினமும் வெளியிடுங்கள். அதற்கு ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்