அம்மாவின் வட்டா

கல்லடி, மட்டக்களப்பு
சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. பௌர்ணமி முடியட்டும் என்று பதிலைத் தள்ளிவைத்தேன். அம்மா போன பிறகு வந்த முதல் சித்திரா பௌர்ணமி அல்லவா? நேற்று விரதமிருந்து, கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பதைக் கேட்டுவிட்டுக் கஞ்சி வாங்கினேன். கோப்பையைக் கையில் எடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. 2002இல் வாய்ப்புற்றுநோய் வந்தபோது அம்மாவின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது கஞ்சிதான்.

உன் அண்ணனின் வாய்ப்புண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். “புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே” என்கிறாராம். அம்மாவும் இதையேதான் சொன்னார். படுவான்கரை வயலில் களை பிடுங்கிய காலத்தில் அம்மம்மாவிடம் பழகியது. புகையிலையைக் கடைசிச் சில ஆண்டுகள் விட்டிருந்தார், பாக்கை விடவில்லை. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச ஆய்வாளர்கள் 2003இல் உறுதியாக அறிவித்தார்கள். அதற்குள் அம்மாவின் இடது கன்னத்தில் பாதி போயிருந்தது.

முதலில் காட்டிய இடத்தில் பல் உரசிய புண் என்று பூச்சுமருந்து கொடுத்தார்கள். நான்கு மாதம் பூசினோம். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. பிறகு இரவு பஸ்ஸில் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு. யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்திருந்த நேரம் என்பதால் போய்ச்சேர முடிந்தது. சத்திரசிகிச்சை, அதன்பின் கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஆறு கிழமை கதிர்ச்சிகிச்சை. சிங்களம் ஒரு சொல் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண் கரண்டியால் பால் பருக்கிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது அம்மாவுக்கு உமிழ்நீர் இல்லை, சுவை இல்லை. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. எதை ஊட்டினாலும் “மண் மாதிரி இருக்கிறது” என்பார். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் மத்தியானம் பிட்டைச் சொதியில் ஊறவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் விழுங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “பிள்ளை, உப்புக் கூடிவிட்டது” என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். என் சமையலில் குறை கண்டுபிடித்தவர்களில் அன்றைக்கு அம்மாவைப் போல் என்னை மகிழ்வித்தவர் எவருமில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் “பாவம், புற்றுநோய் வந்த மனிசி” என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு 21 ஆண்டுகள் வாழ்ந்தாரே! மூன்று பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தார். 2004 மார்கழி 26, சுனாமி வந்த காலையில் என் மூத்தவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கல்லடிப் பாலம்வரை ஓடினார். வீட்டில் மிஞ்சியது இரண்டு சுவர். அம்மா கேட்டது கிளினிக் கொப்பியை மட்டும்தான். கடைசியில் போனது நித்திரையில், மாரடைப்பில், 79 வயதில். புற்றுநோய் அவரை ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வீட்டு வெற்றிலைத் தட்டு, அந்த வட்டா, உனக்கு நினைவிருக்கும். பள்ளி விட்டு வரும்போது அதிலிருந்து களிப்பாக்கைத் திருடி இருவரும் மென்றிருக்கிறோம். சுனாமிக்குப் பின் மணலுக்குள் கிடந்ததை அயல்வீட்டுப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். விளிம்பு ஒரு பக்கம் மடங்கிவிட்டது. அம்மா பழப்புளி போட்டுத் தேய்த்து அதை மறுபடியும் வாசலில் வைத்தார். வருகிறவர்களுக்கு வட்டா நீட்டாமல் விடக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். வெற்றிலை இருந்த இடத்தில் கற்கண்டும் ஏலக்காயும்.

கற்கண்டை எடுத்தவர்கள் தப்பிவிட முடியாது. “வாயைத் திற” என்று ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலும், மூன்று கிழமையாகியும் ஆறாத புண் என்றாலும், வாய் முன்போலத் திறக்கவில்லை என்றாலும் மறுநாள் காலை கையைப் பிடித்து வைத்தியசாலைக்கு இழுத்துப்போவார். அப்படிப் போன இரண்டு பேருக்கு ஆரம்பத்திலேயே பிடிபட்டது. அதில் ஒரு பெண் செத்தவீட்டன்று அம்மாவின் காலடியில் இருந்து இரவு முழுவதும் எழும்பவே இல்லை. தேநீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மகரகமவுக்கு ஓடிய காலம் இப்போது இல்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. ஆகவே அண்ணனிடம் வாதாடிக்கொண்டிருக்காதே. புண் வந்து எத்தனை நாள் என்று மட்டும் கேள். ஞாயிற்றுக்கிழமை அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறினால் இருட்டுமுன் இங்கே வந்துவிடலாம். இரவு எங்களோடு தங்கட்டும்; திங்கள் காலை நானே கூட்டிப்போகிறேன். அவருக்கு உறைப்பில்லாத கறி வைப்பேன்.

அம்மாவின் ரோச் லைற்றுக்குப் புதுப் பற்றரி போட்டு வட்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கல்லடித் தோழி