சிவப்பா, வெள்ளையா

ஸ்காபரோ, கனடா
மே கடைசி ஞாயிறு

அன்புள்ள தம்பி,

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. எல்லோரும் நலம். உன் அப்பா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பது உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைத் தேடி எடுத்து என் தோளுக்கு மேலால் வாசிப்பார். அவர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாமல் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் தபால்தான் மிச்சம்.

முதலில் நீ கேட்ட வேலை. விலை ஸ்டிக்கர்களை உரித்து உனக்கு அனுப்பச் சொன்னாயே, பேஸ்மென்டிலிருந்து உன் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் 14-ஐயும் மேலே கொண்டு வந்துவிட்டேன். ஒன்றுக்குள் நான் சட்டைப் பொத்தான்கள் போட்டு வைத்திருந்தேன். அதைப் பற்றிக் கத்த வேண்டாம். பொத்தான் போட்டதால்தான் அந்தப் பெட்டி பிழைத்தது. உன் கூட்டாளிகள் எல்லோரும் விளையாட்டை எடுத்துக்கொண்டு அட்டையை அன்றைக்கே குப்பையில் போட்டார்கள். இன்றைக்கு உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைவிட வெறும் பெட்டிக்கு விலை கூட என்று நீயே சொன்னாய். உன் அப்பா எந்த அட்டைப் பெட்டியையும் எறிய விடாத மனிதர் என்பதற்கு இப்போதாவது நன்றி சொல்லலாம்.

"அம்மா, ஸ்டிக்கரைச் சும்மா நகத்தால் சுரண்டாதீர்கள், யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்" என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. ஒன்பது வருடம் கென்னடி வீதிப் பக்கக் கடையில் விலை ஸ்டிக்கர் ஒட்டியவளுக்கா இந்தப் புத்தி? கையில் அந்த விலை அடிக்கும் துப்பாக்கி. பக்கத்தில் உள்ள குமிழைத் திருகி இலக்கத்தை மாற்றி, டக் டக் என்று இரவு முழுவதும் அடித்துக்கொண்டே போவோம். விடியும்போது பெருவிரல் மரத்துப் போயிருக்கும்.

அந்தச் சின்ன ஸ்டிக்கரில் ஒரு சூது உண்டு, கவனித்திருக்கிறாயா? குறுக்கே மெல்லிய வெட்டுகள் போட்டிருப்பார்கள். அழகுக்காக அல்ல. மலிவான சாமானின் ஸ்டிக்கரை உரித்து விலை கூடிய சாமானில் ஒட்டிக்கொண்டு காசாளரிடம் வருகிற ஆட்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். உரித்தால் முழுதாக வராமல் துண்டு துண்டாகக் கிழிய வேண்டும் என்றே செய்தது அது. அன்றைக்குக் கள்ளனுக்காகப் போட்ட வெட்டு, இன்றைக்கு என் நகத்துக்குள் குத்துகிறது.

இனி என் குற்றம். முதல் பெட்டியை நான் கெடுத்துவிட்டேன். ஊரில் பலாப்பழம் வெட்டும்போது கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசுவோமே, பால் ஒட்டாமல் இருக்க. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டினாலும் எண்ணெய்தான். அந்தப் பாலும் இந்தப் பழைய ஸ்டிக்கர்களின் பசையும் ஒரே சாதி. ரப்பர். தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு இளகும். ஆகவே தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்தேன். ஸ்டிக்கர் என்னவோ வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் எண்ணெய் அட்டைக்குள் இறங்கி, வடை வைத்த பேப்பர் மாதிரி ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அது இனிப் போகாது. கார்ப் பந்தயப் பெட்டி அது, நல்ல வேளையாக உன் பட்டியலில் மலிவானது. கடையில் விற்கிற தோடம்பழ மணத் திரவங்களும் இதே வேலையைத்தான் செய்யும் என்று பிறகு விளங்கியது. பிளாஸ்டிக்குக்கு நல்லவை, அட்டைக்கு எமன்.

அப்புறம்தான் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெய் வாங்கினேன். அதுவும் எண்ணெய்ச் சாதிதான், ஆனால் தங்காது. பசையை இளக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் கலக்காதது என்பதால் அட்டை ஊதவும் மாட்டாது. ஸ்டிக்கரில் விட்டவுடன் அது கண்ணாடி போலத் தெளிந்து அடியில் உள்ள படம் தெரியும். பயப்படாமல் கொஞ்சம் பொறுத்தால், காலாவதியான நூலக அட்டையின் விளிம்பால் தள்ள, வந்துவிடும். ஈரம் பட்ட இடம் முதலில் கறுத்துத் தெரியும். பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். ஆனால் பெட்டியின் வெட்டு விளிம்பில் மட்டும் விடக் கூடாது, அங்கே பளபளப்புப் பூச்சு கிடையாது. எந்தப் பெட்டியானாலும் முதலில் அடி மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பேஸ்மென்டில் இதைத் தொடவே முடியாது. சுடுநீர்த் தாங்கிக்குக் கீழே எப்போதும் ஒரு சின்ன நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது, இதன் ஆவி தரையோடு தவழ்ந்து போகக்கூடியது. பின்புற டெக்கில் மேசை போட்டு உட்கார்ந்தேன். அப்பா வந்து மணத்தைப் பிடித்துவிட்டு, "பார்பிகியூவா?" என்று ஆசையோடு கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேவைப்படவில்லை. பாதிக்கு மேல் ஹெயர் டிரையரிலேயே வந்துவிட்டன. குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிடம். சூடு கூடினால் அட்டை வளைந்து மேல்பூச்சு கொப்பளிக்கும். முதலில் ஸ்டிக்கரின் மேல் ஒரு செலோடேப் துண்டை அழுத்தி ஒட்டினேன். இப்போது அந்த வெட்டுகள் எல்லாம் டேப்போடு சேர்ந்து ஒன்றாகிவிடும் அல்லவா? பிறகு ஒரு மூலையைக் கிளப்பி, மேலே இழுக்காமல், அதன் முதுகிலேயே மடித்துக் கிடையாக, மெதுவாக. பனங்கிழங்குக்கு நார் உரிக்கிற பொறுமை வேண்டும். யூடியூபில் யாரும் டேப்பைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை.

பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரு வேலையே இல்லை. உள்ளே இருக்கும் தாளை எடுத்துவிட்டுச் சட்டி கழுவும் சோப்பில் ஊற வைத்தேன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை மட்டும் ஒருபோதும் கிட்டக் கொண்டு போகாதே, குறுவட்டுப் பெட்டி உருகி மங்கிவிடும்.

இரண்டு பெட்டிகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் அறை ஜன்னலில் வருடக் கணக்காக வெயில் காய்ந்த பச்சைப் பெட்டியில் ஸ்டிக்கர் சுத்தமாக வந்துவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் மட்டும் நிறம் அப்படியே கடும் பச்சை. சாமிப் படத்தைக் கழற்றிய சுவர் மாதிரி. அதற்கு மருந்து இல்லை. மற்றது, உன் பிறந்தநாளுக்கு இரண்டு பேர் ஒரே விளையாட்டைக் கொண்டு வந்ததில் பிரிக்காமலே கிடந்த பெட்டி. அதன் ஸ்டிக்கர் மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக்கில் இருக்கிறது. நான் தொடவில்லை. 2021 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனதாக நீதானே காட்டினாய்? அந்தச் செய்தியைக் கேட்டு அப்பா இரண்டு நாள் பேஸ்மென்டை விட்டு வரவில்லை. உன்னுடையது அந்த விலை போகாது, தெரியும். என்றாலும் உறை கிழிந்தது என்ற பழி எனக்கு வேண்டாம்.

பதின்மூன்று முடிந்தது. பதினான்காவதுதான் இந்தக் கடிதம்.

உன் ஸெல்டா பெட்டி, அந்த வாள் வீரன் விளையாட்டு. வலது பக்க மேல் மூலை நசுங்கியது. 24.99 என்று சிவப்பு கிளியரன்ஸ் ஸ்டிக்கர். பெட்டி அடிபட்டதால் விலை குறைத்துப் போட்டார்கள், வாங்கி வந்தேன் என்று 1998 டிசம்பரில் உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன்.

சிவப்பு ஸ்டிக்கருக்குச் சூடு காட்டிப் பாதி உரித்ததும் அடியில் வெள்ளை ஸ்டிக்கர் தெரிந்தது. 79.99. எனக்கு அது புதினம் இல்லை, தம்பி. அந்தச் சிவப்பை ஒட்டியவள் நான்.

களவு எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. இன்னொரு கடையில், முழு விலை கொடுத்து வாங்கினேன். அப்போது மத்திய வரி 7, மாகாண வரி 8, சேர்த்து 15 வீதம். 91 டாலர் 99 சதம். என் சம்பளம் மணிக்கு 6.85. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் டக் டக். அன்றிரவு பெட்டியை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய், துப்பாக்கியில் சிவப்புச் சுருளை மாட்டி, குமிழைத் திருகி, ஒரே ஒரு ஸ்டிக்கர் அடித்தேன். விலை குறைந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. உணவு இடைவேளையில் அந்த மூலையை மேசையில் வைத்துப் பெருவிரலால் அமுக்கினேன். லேசாகத்தான் அமுக்க நினைத்தேன். அந்த வேலையில் பெருவிரல் எவ்வளவு பலப்பட்டிருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "இந்த மூலை மட்டும் சரியாக இருந்திருந்தால்" என்று நீ ஒவ்வொரு முறை பெருமூச்சு விடும்போதும் நான் தேநீர் போட எழுந்து போனது இதனால்தான்.

அப்பாவைக் குறை சொல்லாதே. அந்த வருடம் உன் பெரிய மாமி குடும்பம் வன்னியில் இடம் மாறி இடம் மாறித் திரிந்தது. மாதா மாதம் உண்டியல்காரர் மூலம் ஊருக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்தார், இரண்டு வேலை. விளையாட்டுப் பெட்டிக்கு 92 டாலர் என்றால் கோபிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் எனக்குத் தாங்காது. நீயும் வாய் திறந்து கேட்ட பிள்ளை இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ககர வரிசை எழுத வேண்டிய பக்கம் முழுக்க வாளும் கேடயமும்.

உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, "எங்கள் அம்மா எனக்கு நசுங்கிய பெட்டியில்தான் பரிசு வாங்கித் தருவார்" என்றாய். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

இப்போது பெட்டி சாப்பாட்டு மேசையில், சிவப்பு பாதி எழும்பிய நிலையில், துணி மூடி இருக்கிறது. இரண்டையும் உரித்துத் தரலாம், வெள்ளையின் பசை முற்றிப்போய் மஞ்சளாகியிருக்கிறது, அட்டையின் மேல்தோல் கொஞ்சம் வரக்கூடும். சிவப்பை மட்டும் எடுத்து வெள்ளையை விடலாம். அல்லது சிவப்பை அப்படியே திரும்பப் படிய வைக்கலாம், சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

வியாழக்கிழமை பார்சல் போட வேண்டும். போன் எடுக்காதே. வாட்ஸ்அப்பில் ஒரே சொல் அனுப்பு: சிவப்பு, வெள்ளை, அல்லது இரண்டும். அப்பா கேட்டால் உன் மனைவிக்குச் சேலை எடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பேரனுக்கு முத்தம். பொத்தான்களை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்புடன்,
அம்மா