நீர் வடிந்தாலும் நிற்காத அமிழ்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

மென்களிமண் மீது எழும் கட்டடங்கள் பற்றிய தங்கள் கட்டுரை, மண்ணிலுள்ள நீர் வெளியேறியதும் அமிழ்வு முடிந்துவிடும் என்கிறது. முடிவதில்லை. நீரழுத்தம் தணிந்து, சுமை சிறிதும் கூடாத நிலையிலும் தகடு போன்ற களித் துகள்கள் வழுக்கி, இடம் மாறி நெருங்கிக்கொண்டே இருக்கும். மண் பொறியியலில் இதை 'க்ரீப்' என்கிறோம். பெரும்பாலும் இது காலத்தின் மடக்கையை ஒட்டிச் செல்லும். அதாவது, 1ஆம் ஆண்டிலிருந்து 10ஆம் ஆண்டுவரை இறங்கும் அளவு, 10ஆம் ஆண்டிலிருந்து 100ஆம் ஆண்டுவரை இறங்கும் அளவுக்கு ஏறத்தாழச் சமம்.

ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில் 1994-ல் திறக்கப்பட்ட கன்சாய் விமான நிலையத்துக்காக, கடலடிக் களிமண் மீது மண் நிரப்பி உருவாக்கிய முதல் செயற்கைத் தீவு 10 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்துள்ளது. வேகம் வெகுவாகக் குறைந்தும் இன்னும் நிற்கவில்லை. முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்து உயர்த்திச் சரிசெய்கிறார்கள்.

சீராக இறங்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கும்போதுதான் சுவர் வெடிக்கிறது, குழாய் இணைப்பு விடுபடுகிறது.

என் கவலை ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. மண் மாதிரியின் மீது படிப்படியாகச் சுமை ஏற்றி அது எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்கும் வழக்கமான இறுக்கச் சோதனையில் ஒவ்வொரு சுமையும் 24 மணி நேரமே நிற்கிறது. அதை வைத்து 50 ஆண்டு அமிழ்வைச் சொல்லத் துணிவது சரியல்ல. முக்கியக் கட்டுமானங்களுக்காவது வாரக்கணக்கில் ஒரே சுமையில் வைத்துப் பார்க்க வேண்டும். களிமண்ணுக்குள் நெடுக இறக்கப்படும் செங்குத்து வடிகால்கள் நீரை விரைவாக வெளியேற்றுமே தவிர க்ரீப்பைத் தடுக்காது. கட்டும் முன்பே இறுதிச் சுமையைவிடக் கூடுதலாக மண் குவித்து, சில மாதங்கள் விட்டு அகற்றினால் பிற்கால அமிழ்வு நன்றாகக் குறையும். அந்தச் சில மாதங்களைத்தான் ஒப்பந்தங்கள் முதலில் வெட்டுகின்றன. கட்டடம் ஒப்படைக்கப்பட்ட பிறகும் அமிழ்வை அளந்து பதிவுசெய்வதை விதிகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
மண் பொறியாளர் ஒருவர்