ஹைப்போ என்றால் குறைவு: இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. போன மாதம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹைப்போகிளைசீமியா' என்று எழுதியிருந்தது. பிரஷர்காரர்கள் சீட்டில் 'ஹைப்பர்டென்ஷன்' என்று பார்த்துப் பழகிய கண், நான் இதையும் ஹைப்பர் என்றே எடுத்துக்கொண்டேன். சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து, காபியில் போடுகிற அரை ஸ்பூன் சீனியை நிறுத்தி, ராத்திரிச் சாப்பாட்டையும் இரண்டு இட்லியாகக் குறைத்தேன். நாலாம் நாள் விடியற்காலையில் அப்பாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தால் 52. 70-க்குக் கீழே போனாலே குறைவுதானாம். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார், கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 88. அப்பாவுக்கு நினைவு இருந்ததால் குடிக்க முடிந்தது, மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும் என்றார்.

"ஹைப்போன்னா கம்மிம்மா" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சீட்டில் 'லோ சுகர்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இரண்டுமே கிரேக்கச் சொற்கள், ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. இது தெரிந்தால் ஹைப்போநட்ரீமியா என்பது சோடியம் குறைவு, ஹைப்பர்கலீமியா என்பது பொட்டாசியம் அதிகம் என்று பாதி பயம் போய்விடுகிறது. டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு, இதயத் துடிப்பு பற்றிய சீட்டில் இவை வரும்.

தைராய்டு விஷயம்தான் பலரைக் குழப்புகிறது. என் அண்ணிக்கு ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் அதிகம், டாக்டர் எழுதியது ஹைப்போதைராய்டு. அதிகம் இருக்கும்போது எப்படிக் குறைவு என்று மாத்திரையையே நிறுத்தப் பார்த்தார். டிஎஸ்எச் என்கிற ஹார்மோனைத் தைராய்டு சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி என்கிற சுரப்பிதான் சுரக்கிறது. தைராய்டு மந்தமானால் அதை விரட்டி வேலை வாங்க பிட்யூட்டரி இதைக் கூடுதலாகச் சுரக்கிறது, அதனால்தான் அந்த எண் ஏறுகிறது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

டாக்டர்களைக் குறை சொல்ல எழுதவில்லை, வெளியே நிற்கிற கூட்டம் எனக்கும் தெரியும். ஆனால் சீட்டைப் படித்து வீட்டில் மாத்திரை கொடுக்கிறவர்கள் எங்களைப் போன்ற பெண்கள்தான். வாரம் ஒரு முன்னொட்டு, அதன் அர்த்தம், அது வருகிற இரண்டு நோய்ப் பெயர்கள் என்று உங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட முடியுமா? ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் சேர்த்தே போடுங்கள், சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். முதல் வாரம் ஹைப்போவில் ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்