அந்த ஒரு பரிசோதனையை மட்டும் செய்துவிடு

அன்புள்ள குமரனுக்கு,

நானும் அம்மாவும் நலம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு படியேறும்போது மூச்சு வாங்குவதில்லை. ஆனால், "எனக்குக் கொலஸ்ட்ரால் சரியாகத்தான் இருக்கிறது, தினமும் ஓடுகிறேன்" என்று நீ போனில் சொன்னதுதான் மனதை அரிக்கிறது.

எனக்கும் சரியாகத்தான் இருந்தது, குமரா. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 100-ஐத் தாண்டியதில்லை. சர்க்கரை கிடையாது, சிகரெட்டைத் தொட்டதில்லை. பிறகு எப்படி அடைத்தது என்று மருத்துவருக்கே சந்தேகம் வந்துதான் லிப்போபுரோட்டீன்-ஏ பார்க்கச் சொன்னார். அறிக்கையில் 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. என் பெயருக்கு நேரே தடித்த எழுத்தில் 118.

லிப்போபுரோட்டீன்-ஏ என்பது, எல்டிஎல் போன்ற ஒரு துகளில் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுவது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பை வளர்ப்பதோடு, இதயத்தின் பெருந்தமனி வால்வையும் இறுகச் செய்கிறது. நார்வேயின் கோரே பெர்க் இதை 1963-லேயே கண்டுபிடித்துவிட்டார். இன்றும் வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது வருவதில்லை, தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை.

இதன் அளவு பெரும்பாலும் பிறப்போடு வருவது. உன் ஓட்டம் உடம்புக்கு நல்லதுதான், விட்டுவிடாதே. ஆனால் இந்த எண் அதற்கெல்லாம் இறங்காது. என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உன் தங்கை பார்த்துவிட்டாள், அவளுக்கு 14-தான். தாத்தா வரப்பிலேயே சுருண்டு விழுந்தது எதனால் என்று இனி யாரால் சொல்ல முடியும்?

வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்றில்லை. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 என்று பெயர் ஒத்த வேறொரு பரிசோதனை உண்டு. சீட்டைச் சரிபார்த்துவிட்டு ரத்தம் கொடு. அளவு மில்லிகிராமிலா நானோமோலிலா என்றும் கவனி. 50 மில்லிகிராம் அல்லது 125 நானோமோலுக்கு மேல் போனால் ஆபத்து கூடுதல் என்று கணக்கு.

கூடுதலாக இருந்தால் பதறாதே. எல்டிஎல்லையும் ரத்த அழுத்தத்தையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தரலாம். நீயாக ஆஸ்பிரின் எதுவும் போட்டுக்கொள்ளாதே. குழந்தைக்கும் எப்போது பார்ப்பது என்று அப்போதே கேட்டுக்கொள்.

இந்தச் சனிக்கிழமையே போய்விட்டு, முடிவு வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா